நல்ல குணம் சொல்லிக்கொடுத்து வருமா?

குதிரையேற்றம் சொல்லித் தரலாம்; கணக்கு சொல்லித் தரலாம். நல்ல குணத்தை? பிளேட்டோவின் ‘மெனோ’ உரையாடல் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. கேட்பவர் தெசலியைச் சேர்ந்த இளைஞர் மெனோ. நற்பண்பு என்றால் என்னன்னே தெரியாதபோது, அதைக் கற்றுத்தர முடியுமா என்று எப்படிச் சொல்வது என்கிறார் சாக்ரடீஸ்.

தெரியாததை எப்படித் தேடுவது என மடக்குகிறார் மெனோ. உடனே ஓர் அடிமைச் சிறுவனை அழைத்து, 2 அடிப் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பை இரண்டு மடங்காக்கச் சொல்கிறார் சாக்ரடீஸ். பக்கத்தை 4 அடியாக்கினால் போதும் என்கிறான் சிறுவன். பரப்பு 16 ஆகிவிடுகிறது, வேண்டியதோ 8. அடுத்து 3 அடி என்கிறான், 9 வருகிறது. தெரியலையே என விழிக்கிறான். கற்றல் தொடங்குவது அந்த இடத்தில்தான். மூலைவிட்டத்தின் மேல் வரையும் சதுரமே விடை என்பது, கேள்விகள் வழியாகவே அவனுக்குப் புரிகிறது.

சரி, நற்பண்புக்கு ஆசிரியர் யார்? சாக்ரடீஸ் காட்டும் உதாரணம் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ். மகனுக்குக் குதிரையேற்றம் கற்பித்தவரால், தன் பண்பைக் கொடுக்க முடியவில்லை. இதைக் கேட்டு அங்கிருந்த அனிட்டஸ் கோபப்படுகிறார்.

கி.மு. 399இல் சாக்ரடீஸ் மீது குற்றம் சாட்டிய மூவரில் இந்த அனிட்டஸும் ஒருவர். இளைஞர்களைக் கெடுத்தார் என்பது ஒரு குற்றச்சாட்டு. நல்லதைக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டவருக்கு, கெட்டதைக் கற்றுத் தந்ததாக மரண தண்டனை!