கம்பம் பன்னீர் திராட்சை காஞ்சிபுரத்தில் வருமா?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் பேசியது)



போன மாதம் வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி என்னைப் பார்க்க வந்தார். கம்பத்தில் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தாராம். அங்கே பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை தொங்குவதைப் பார்த்துவிட்டு, கையோடு குச்சியும் வாங்கி வந்துவிட்டார். "சார், ஏரிப் பாசனத்திலே ஒன்றரை ஏக்கர் இருக்கு. கல்தூண் நட்டுப் பந்தல் போடலாம்னு நெல்லு வித்த பணத்தை எடுத்து வெச்சிருக்கேன். பத்தலைன்னா வீட்டிலே நகை இருக்கு. விளைஞ்சா ஒயின் கம்பெனிக்காரங்களும் வாங்குவாங்களாமே? அங்கே வர்ற அதே குச்சிதானே, இங்கே மட்டும் வராதா?" என்றார்.

கேள்வி நியாயமானதுதான். இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் ஒயினைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது. யாரையும் குடிக்கச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரே ரகத் திராட்சை ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்பதை உலகத்திலேயே ரொம்ப நுணுக்கமாகக் கவனித்தவர்கள் ஒயின் செய்கிறவர்கள்தான். பழமாகத் தின்னும்போது தெரியாத குறையும் நிறையும் சாறு புளித்த பிறகு வெளியே வந்துவிடும்.

ஷிராஸ் என்று ஒரு கறுப்புத் திராட்சை. பிரான்சு நாட்டில் ரோன் ஆற்றங்கரைச் சரிவுகளில் அதன் பெயர் சிரா. அங்கிருந்து 1830-களில் ஆஸ்திரேலியாவுக்குக் குச்சி போயிற்று. பெயர் கொஞ்சம் மாறியதே தவிர, ரகம் ஒன்றுதான். ஆனால் குளிர்ந்த ரோன் சரிவில் விளைந்ததில் மிளகு வாசனை அடிக்கும். வெயில் காயும் ஆஸ்திரேலியப் பள்ளத்தாக்கில் விளைந்தது பழப்பாகு மாதிரி கனமாக இருக்கும். மிளகு வாசனை என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. ரோட்டண்டோன் என்ற ஒரு பொருள்தான் அதற்குக் காரணம் என்று 2008-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். நம் சமையல்கட்டில் இருக்கிற மிளகிலும் அதே பொருள்தான்! குளிர்ந்த இடத்தில் விளையும் பழத்தோலில் அது கூடுதலாகச் சேருகிறது.

இது எப்படி நடக்கிறது? பழம் நிறம் மாறத் தொடங்கியதும் உள்ளே சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது, தோலில் சாயம் பிடிக்கிறது. பகல் வெயில் இலையில் சர்க்கரையைச் செய்கிறது. இரவு குளிர்ந்தால் பழத்தின் புளிப்பு காப்பாற்றப்படும். இரவும் வெக்கையாக இருந்தால் பழம் மூச்சுவிட்டு மூச்சுவிட்டே அந்தப் புளிப்பைச் செலவழித்துவிடும். சாயமும் அப்படித்தான், வெக்கை இரவில் சரியாகப் பிடிக்காது. சிவப்பு ஒயினுக்குச் சிவப்பு நிறம் தோலிலிருந்துதான் வருகிறது. பெரும்பாலான கறுப்புத் திராட்சைக்கும் பிழிந்த சாறு வெளிறித்தான் இருக்கும், நசுக்கிப் பாருங்கள். பட்டுக்கு ஏறுகிற சாயம் தண்ணீரைப் பொறுத்தது என்று நம் ஊர் நெசவாளர் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? திராட்சைக்குச் சாயத்தொட்டி இரவு நேரம்தான்.

இப்போது நாசிக்கைப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 600 மீட்டர் உயரம். அங்கே மழை ஜூனில் தொடங்கிச் செப்டம்பரோடு ஓய்ந்துவிடுகிறது. அக்டோபர் வாக்கில் காய்ப்புக் கவாத்து செய்கிறார்கள். பூ, பிஞ்சு, பழம் எல்லாம் மழையில்லாத நாட்களில் வந்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் குளிர்ந்த இரவுகளில் பழுக்கிறது. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரத் தோட்டங்கள் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கேயும் இரவு குளிர்ச்சிதான். இந்த இரண்டு இடத்திலும் ஷிராஸ் போட்டு ஒயின் எடுக்கிறார்கள்.

நமது பன்னீர் திராட்சைக்கு வருவோம். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வது வழக்கம். கம்பம் பள்ளத்தாக்கு சுமார் 400 மீட்டர் உயரம். பக்கத்திலேயே மேற்கு மலை, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்தை முன்னே பின்னே வைத்து ஆண்டு முழுவதும் பழம் அறுக்கிறார்கள். 2023-இல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்று புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் குறியீடு அந்த மண்ணில் விளைந்த பழத்துக்குத்தான். குச்சியோடு சேர்ந்து அது இங்கே வந்துவிடாது.

நம் ஊர் கணக்கு வேறு. காஞ்சிபுரம் சுமார் 80 மீட்டர் உயரம்தான். நமக்குக் குளிர்ச்சி வருகிற நேரத்தில் கூடவே வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடுகிறது. நாசிக்காரர் மாதிரி அக்டோபரில் கவாத்து செய்தால் நவம்பர் மழையில் பூ மாட்டிக்கொள்ளும். அடிச்சாம்பல் நோயும் பறவைக்கண் நோயும் சேர்ந்து கொத்தையே காலி பண்ணிவிடும். மழைக்குப் பயந்து டிசம்பர் கடைசியில் கவாத்து செய்தால், சுமார் 120 நாள் கழித்து ஏப்ரல் கடைசியில் பழுக்கும். அப்போது இரவிலும் புழுக்கம். சர்க்கரை ஏறும்; ஆனால் ஒரே கொத்தில் பச்சையும் கறுப்பும் கலந்து நிற்கும், புளிப்பும் இராது. மே, ஜூனில் வெட்டினால் பழுக்கும் சமயத்தில் ஆகஸ்டு, செப்டம்பர் இடிமழை விழுந்து பழம் வெடிக்கும். மூன்று வழியையும் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். மனிதர் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

வேளாண்மைப் பல்கலைக்கழகக் கையேட்டில் பன்னீருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன் என்று போட்டிருப்பது உண்மை. அதே கையேட்டில் தண்ணீர் வடியும் வண்டல் கலந்த மண் வேண்டும், கார அமில நிலை 6.5-லிருந்து 7-க்குள் இருக்க வேண்டும் என்றும் போட்டிருக்கிறது. ஏரிக்குக் கீழே நெல் விளைகிற களிமண்ணில் தண்ணீர் நிற்கும். திராட்சை வேர் அழுகிப் போகும். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தடையாகத் தெரிகிறது.

ஒயின் கம்பெனி விஷயம்: அவர்கள் பழத்தின் எடையை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை, சர்க்கரையையும் அளப்பார்கள். சாற்றில் 22 பிரிக்ஸ் இருந்தால் சுமார் 12 சதவீதச் சாராயம் கிடைக்கும் என்பது தோராயக் கணக்கு. அதோடு புளிப்பும் நிறமும் கேட்பார்கள். எழுத்தில் ஒப்பந்தம் கையில் இல்லாமல் "வாங்குவாங்களாம்" என்ற பேச்சை நம்பித் தூண் நடாதீர்கள்.

ஆசை விடவில்லையா? கொண்டுவந்த குச்சியில் இரண்டை மட்டும் வீட்டுக் கிணற்றடியில், மேடான இடத்தில் நட்டு மூங்கில் பந்தல் போடுங்கள். வெவ்வேறு மாதத்தில் கவாத்து செய்து இரண்டு மழைக்காலம் பாருங்கள். கம்பத்துப் பழத்தோடு ஒப்பிடுவதானால் இரண்டும் கொடியிலேயே நன்றாகப் பழுத்ததாக இருக்கட்டும். கடையில் வாங்கிய அரைப்பழத்தோடு ஒப்பிட்டு, நம் பழம் ஜெயித்தது என்று சொல்லிக்கொள்வதில் பிரயோஜனமில்லை. நிலத்து மண்ணையும் இப்போதே பரிசோதனைக்கு அனுப்பிவிடுங்கள்.

வாலாஜாபாத்காரர் இரண்டு குச்சி நட்டிருக்கிறார். நகை வீட்டிலேயே இருக்கிறது.