பதினைந்து நாள் வேலை, ஒரே நாளில்

கல்யாண வீட்டில் ஐந்நூறு பேருக்குத் தேங்காய் துருவும் வேலையை ஒருவர் தலையில் யாரும் கட்டுவதில்லை. பத்துப் பேர் உட்கார்ந்தால் வேலை சட்டென முடியும். ஒருவர் துருவும் மூடி இன்னொருவருக்காகக் காத்திருப்பதில்லை. திருவனந்தபுரம் கரமனையின் தமிழ் அக்கிரகாரத்துக்கு இது புதிய பாடமல்ல. ஆனால் கம்ப்யூட்டரில் படம் பண்ணுகிறவர்கள் இந்தப் பாடத்தை நம்பித்தான் பிழைக்கிறார்கள்.

கரமனையை அடுத்த பூஜப்புரையில் இருக்கிறது, கேரளப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் கல்வியைக் கவனிக்கும் அரசு நிறுவனமான 'கைட்'. அது 2018 ஜனவரியில் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அனிமேஷன் பழகுகிறார்கள். முப்பரிமாணப் படத்துக்கு அவர்கள் கையில் இருப்பது 'பிளெண்டர்' என்ற இலவச சாஃப்ட்வேர்.

உருவத்தைச் செய்து அசைய வைப்பதோடு வேலை முடிவதில்லை. ஒளி எங்கே விழும், நிழல் எப்படிச் சாயும் என்று புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு காட்சித் துண்டையும் கம்ப்யூட்டர் வரைந்து முடிக்க வேண்டும். இதற்குப் பெயர்தான் 'ரெண்டரிங்'. விநாடிக்கு 24 பிரேம் என்றால், மூன்று நிமிடப் படத்துக்கு 4,320 பிரேம். ஒரு பிரேமுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் ஒற்றைக் கம்ப்யூட்டர் இரவு பகலாக 15 நாள் ஓட வேண்டும். அதே போன்ற 15 கம்ப்யூட்டர் கிடைத்தால் ஒரு நாள் போதும்.

ஹாலிவுட் இதை எப்போதோ செய்து காட்டிவிட்டது. 1995இல் வந்த 'டாய் ஸ்டோரி'யின் 1,14,240 பிரேம்களுக்கு ஆன கம்ப்யூட்டர் நேரம் சுமார் 8 லட்சம் மணி. ஒரே இயந்திரம் என்றால் 91 வருடம்! பிக்ஸார் நிறுவனம் 117 இயந்திரங்களைச் சேர்த்து ஓட்டியது.

அந்த வசதி இல்லாதவர்களுக்கும் பிளெண்டரில் ஒரு குறுக்கு வழி உண்டு. எல்லாக் கம்ப்யூட்டரையும் நெட்வொர்க்கில் ஒரே கோப்புறையோடு இணைக்க வேண்டும். ஒவ்வொன்றும் அடுத்த காலி பிரேமைத் தேடி, அந்த எண்ணில் ஒரு வெற்றுக் கோப்பைப் போட்டு வைத்துவிட்டு வேலையைத் தொடங்கும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். மற்ற இயந்திரங்கள் அதைத் தாண்டி அடுத்த எண்ணுக்குப் போய்விடும். மேற்பார்வைக்குத் தனி சாஃப்ட்வேர் தேவையில்லை.

சிக்கலும் அந்தத் துண்டில்தான். நடுவில் கரண்ட் போனால் வெற்றுக் கோப்பு அப்படியே கிடக்கும். வேறு இயந்திரம் அதைத் தொடாது. காலையில் யாராவது காலிக் கோப்புகளைத் தேடி அழித்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். எல்லா இயந்திரத்திலும் ஒரே பதிப்பு பிளெண்டர் இருப்பதும் அவசியம். இல்லாவிட்டால் ஒரு பிரேமின் நிறம் அடுத்ததோடு ஒட்டாமல் படம் கண் சிமிட்டும்.

எல்லாக் கணக்கும் இப்படிப் பங்கு போட ஒத்துக்கொள்ளாது. இதே நகரின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011இல் நிறுவப்பட்ட 'சாகா-220' சூப்பர் கம்ப்யூட்டரில், படம் வரையப் பிறந்த கிராபிக்ஸ் சில்லுகள் 400 இருந்தன. செலவு சுமார் 14 கோடி ரூபாய். ராக்கெட்டைச் சுற்றி ஓடும் காற்றைக் கணக்கிடும்போது ஒவ்வொரு பகுதியும் பக்கத்துப் பகுதியின் விடையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு இயந்திரங்களுக்கு இடையே அதிவேகத் தொடர்பு வேண்டும். அனிமேஷன் பிரேமுக்கோ பக்கத்து பிரேமைப் பற்றிக் கவலையில்லை. பள்ளிக்கூடத்தின் சாதாரணக் கேபிளே போதும்.

விலைக்கு வாங்கும் சாஃப்ட்வேர் என்றால் இயந்திரத்துக்கு ஒரு லைசென்ஸ் என்று செலவு ஏறக்கூடும். மூலநிரல் 2002இல் திறந்துவிடப்பட்ட பிளெண்டரில் பதினைந்தாவது இயந்திரத்துக்கும் அதே விலைதான்: பூஜ்யம். ஸ்டூடியோவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே இருந்த சுவரில் பெரிய ஓட்டை விழுந்திருப்பது இங்கேதான்.

சாயங்கால மணி அடித்ததும் ஆய்வகத்தைப் பூட்டினால் கம்ப்யூட்டர்கள் காலை வரை சும்மாதான் இருக்கும். ஒரு மாணவியின் மூன்று நிமிடப் படம் முடிவதும் முடியாததும் அந்த ராத்திரியை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது.