காட்டில் விருந்தினர்

காட்டைக் காணும் ஆவல் மனிதர் எல்லார்க்கும் இயல்பாக உள்ளது. ஓராண்டு முழுதும் நகரத்தின் இரைச்சலில் உழன்றவர், கோடை விடுமுறை வந்ததும் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு மலையை நோக்கிப் புறப்படுகிறார். இவ்வாவல் போற்றத்தக்கதே. பிறர் இல்லத்துக்கு விருந்தினராகச் செல்லுங்கால் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை நாம் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். அழையாமல் அடுக்களைக்குள் நுழையாதே, உறங்கும் குழந்தையை எழுப்பாதே, பொருள்களைத் தொடாதே என்கின்றோம். ஆனால் காட்டுக்குச் செல்லுங்கால் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை யாரும் கற்பிப்பதில்லை. அதனைப் பற்றியே இன்று நேயர்களிடம் சில சொல்ல விரும்புகிறேன்.

பொதுப்படப் பேசுவதினும் ஓர் இடத்தை மனத்திற்கொண்டு பேசுவது பயன் தரும் என்பது என் ஆசிரியப் பணியில் நான் கண்ட உண்மை. ஆதலின் முதுமலையை எடுத்துக்கொள்கிறேன். நீலகிரியின் வடபுறத் தாழ்வில் உள்ள இக்காடு 1940 ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. அன்று ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டராக இருந்த அதன் பரப்பு, பின்னர் விரிந்து 321 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. 2007 ஆம் ஆண்டில் அது புலிகள் காப்பகமாயிற்று. வடக்கே மோயாற்றுக்கு அப்பால் கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காடு; மேற்கே கேரளத்தின் வயநாட்டுக் காடு. நாம் வரைந்துள்ள இந்த எல்லைக் கோடுகளை யானை அறியாது. அதற்கு இவை எல்லாம் ஒரே காடுதான்.

உதகையிலிருந்து மைசூர் செல்லும் நெடுஞ்சாலை இக்காட்டின் ஊடே செல்கிறது. ஆதலால் விலங்குகளைக் காண வருவோர் மட்டுமின்றி, வேறு அலுவலாக அவ்வழியே செல்வோரும் இங்கு விருந்தினர் ஆகிவிடுகின்றனர். நான் கூறப்போவது இருசாரார்க்கும் பொருந்தும்.

முதற்கண், நாம் காணச் செல்லும் விலங்கின் ஒரு நாளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தழையும் புல்லும் பட்டையும் உண்கிறது. அதனைத் தேடி உண்பதற்கே அதன் நாளின் பெரும்பகுதி சென்றுவிடுகிறது. கோடையில் ஓடைகள் வற்றியபின் நீருக்காகவும் நெடுந்தொலைவு நடக்க வேண்டும். இத்தகைய பிழைப்பில் உள்ள ஓர் உயிரை, நான்கு வாகனங்கள் சூழ்ந்துகொண்டு அரைமணி நேரம் நிறுத்தி வைக்கின்றன என்று கொள்ளுங்கள். நமக்கு அஃது ஒரு வேடிக்கை. யானைக்கோ அஃது உண்ணாத அரைமணி. சில வேளைகளில் நீரருந்தாமல் திரும்பிய ஒரு மாலை. நம்மைப் போல் பத்துக் கூட்டத்தார் அன்றே வந்து போயிருப்பர் என்பதை நாம் எண்ணுவதில்லை.

ஆகவே காட்டில் ஒழுக வேண்டிய முறைகளுள் தலையாயது விலகி நிற்றல். விலகி நிற்பதனை அச்சத்தின் அடையாளமாகச் சிலர் கருதுகின்றனர். உண்மையில் அதுவே நாம் விலங்குக்குக் காட்டக்கூடிய மரியாதை. அதுவே நம் உயிருக்கும் காப்பு.

விலங்கு தன் பொறுமை எல்லை கடக்கப்போவதை முன்கூட்டியே அறிவிக்கிறது. அம்மொழியை அறியாதவரே பெரும்பாலும் ஆபத்துக்கு உள்ளாகின்றனர். மேய்ந்துகொண்டிருந்த யானை மேய்வதை நிறுத்திவிட்டு நம்மை நோக்கித் திரும்பினால், நாம் மிக நெருங்கிவிட்டோம் என்பது பொருள். காதுகளை விரித்து அசையாமல் நிற்பதும், தலையை உலுக்குவதும், காலால் மண்ணை உதைப்பதும், வாலைத் தூக்குவதும் அடுத்தடுத்த எச்சரிக்கைகள். ஆண் யானைக்கு மதம் கொண்ட காலத்தில், கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ள சுரப்பியிலிருந்து நீர் ஒழுகிக் கன்னம் கறுத்துத் தோன்றும். அத்தகைய யானையை எவ்வளவு தொலைவில் கண்டாலும் திரும்பிவிடுதலே அறிவுடைமை. குட்டியுடன் செல்லும் கூட்டத்தை மூத்த பெண் யானை நடத்திச் செல்லும். தாய்க்கும் குட்டிக்கும் இடையே நம் வாகனம் புகுந்துவிட்டால், அவள் வேறு எச்சரிக்கை தரமாட்டாள்.

சாலையில் யானை நின்றால் செய்ய வேண்டுவது யாது? தொலைவிலேயே நின்றுவிட வேண்டும். ஒலிப்பானை அழுத்தலாகாது. விளக்கைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். யானை நம்மை நோக்கி நடந்து வந்தால், பதற்றமின்றி வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி அதற்கு வழிவிட வேண்டும். அது சாலையை விட்டு விலகிச் சென்றபின், கூட்டத்தில் பின்தங்கிய யானை ஏதேனும் உண்டா என்று பார்த்துச் சற்றுப் பொறுத்தே கடக்க வேண்டும். எந்நிலையிலும் வண்டியை விட்டு இறங்கலாகாது. ஓடித் தப்பலாம் என்பது வீண் எண்ணம். குறுகிய தொலைவில் யானை மனிதனினும் விரைந்து ஓடும்.

2025 ஆம் ஆண்டு பிப்ரவரியில் வால்பாறை மலைச்சாலையில் யானை ஒன்று நின்றிருந்தது. மற்ற வண்டிகள் நின்றுவிட்டன. எச்சரித்தவர்களின் சொல்லைக் கேளாமல், மோட்டார் சைக்கிளில் கடந்துவிட முயன்ற வெளிநாட்டுப் பயணி ஒருவர் யானையால் தாக்குண்டு உயிர் நீத்தார். சில நிமிடங்கள் பொறுத்திருந்தால் அந்த உயிர் போயிராது.

இனி, நாம் கருணை என்று எண்ணிச் செய்யும் கொடுமை ஒன்றைச் சொல்ல வேண்டும். அஃது உணவு கொடுத்தல். பசித்தவர்க்குச் சோறிடுவது நம் நாட்டின் தலையாய அறம். அவ்வறத்தில் வளர்ந்த நாம், சாலையோரத்துக் குரங்கைக் கண்டதும் கையிலிருக்கும் வாழைப்பழத்தையோ பொரித்த தின்பண்டத்தையோ நீட்டிவிடுகிறோம். ஆனால் காட்டுக் குரங்கு நம் வாசலில் வந்து நிற்கும் ஏழை அன்று. அத்திப்பழமும் தளிரும் பூச்சியும் தேடி மரத்துக்கு மரம் தாவித் திரிந்து உண்பது அதன் வாழ்க்கை. அவ்வாறு அது திரிவதனால்தான் விதைகள் காடெங்கும் பரவுகின்றன. சாலையில் அமர்ந்தால் உணவு வரும் என்று அறிந்த குரங்கு காட்டை மறக்கிறது. அதன் குட்டி காட்டைக் கற்றுக்கொள்வதே இல்லை. பிறகு அது கேளாமல் பறிக்கிறது. பறிக்கையில் குழந்தையைக் கடிக்கிறது. இல்லையேல் சக்கரத்தில் அடிபட்டு மடிகிறது. பழம் கொடுத்தவர் அதற்குள் தம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

யானையும் இப்பாடத்தை விரைவில் கற்கிறது. சத்தியமங்கலம் காட்டில் ஆசனூரை ஒட்டிய சாலையில், ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் லாரிகளை எதிர்நோக்கி யானைகள் நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். ஓட்டுநர் சிலர் இரங்கி வீசிய கரும்பும், பாரம் மிகுந்து சிதறிய கரும்பும் அவற்றை அங்கே கொண்டுவந்து நிறுத்தின. தாயைப் பின்பற்றிக் குட்டியும் தார்ச்சாலையில் நின்று உண்ணப் பழகுகிறது.

மனிதர் உணவின் சுவை அறிந்த யானைக்கு முடிவில் நேர்வது என்ன? கேரளத்துச் சின்னக்கானல் பகுதியில் வாழ்ந்த ஓர் ஆண் யானையின் வரலாறு இதற்கு விடை கூறும். அரிசியைத் தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்ததால் அதற்கு அரிக்கொம்பன் என்றே பெயர் வழங்கிற்று. அதற்கு அச்சுவையைப் பழக்கியவர் சுற்றுலாப் பயணிகள் என்று நான் கூறவில்லை, விளைவையே கருதுகிறேன். 2023 ஏப்ரலில் மயக்க ஊசி செலுத்தி அதனைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டனர். அது தமிழ்நாட்டுக் கம்பம் நகருக்குள் வந்தது. ஜூன் மாதத்தில் மீண்டும் பிடிக்கப்பெற்று, தென்கோடியில் உள்ள களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பெற்றது. பிறந்த காட்டையும் அறிந்த வழிகளையும் அது இழந்தது.

இரக்கம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்றும் கூறலாம். அமெரிக்காவில் உள்ள எல்லோஸ்டோன், 1872 ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற பழம்பெரும் தேசியப் பூங்கா. அங்கே கரடி, ஓநாய் ஆகியவற்றிலிருந்து 100 கெஜமும், காட்டெருது முதலிய பிற விலங்குகளிலிருந்து 25 கெஜமும் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. 2016 ஆம் ஆண்டு மே மாதத்தில், காட்டெருதின் கன்று ஒன்று குளிரில் வாடுவதாகக் கருதிய பயணிகள், அதனைத் தம் வண்டியில் ஏற்றிக் காவலரிடம் கொண்டுவந்தனர். காவலர் அதனை மந்தையுடன் சேர்க்கப் பலமுறை முயன்றும் மந்தை ஏற்கவில்லை. கன்று சாலைக்கே திரும்பித் திரும்பி வந்து, மனிதரையும் வண்டிகளையும் சுற்றி நின்றது. முடிவில் அதனைக் கொல்ல வேண்டியதாயிற்று. அதனைத் தூக்கி வந்தவர்கள் கொடியவர் அல்லர், நம்மைப் போன்றவர்களே.

அடுத்து, நாம் விட்டுவரும் பொருள்களைப் பற்றி ஒரு சொல். உணவின் மணம் ஏறிய பிளாஸ்டிக் பையை விலங்கு உணவென்றே கொள்கிறது. உப்பின் சுவைக்காகவே அதனை விழுங்கும் விலங்குகளும் உள. 2025 மே மாதத்தில் கோவையை அடுத்த மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை இறந்தது. உடற்கூற்று ஆய்வில் அதன் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவு காணப்பட்டது. அது கருவுற்றிருந்ததும் தெரிந்தது. நாம் கொண்டுசென்ற பொருளை நாமே திரும்பக் கொண்டுவருதல் அரிய செயலா? ஒரு துணிப்பை போதும். சரணாலயத்தில் விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன. ஆயினும் காவலர் நில்லாத இடத்தில் சட்டத்தைக் காக்க வேண்டியவர் நாமே.

இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகலில் நம்மால் ஒதுக்கப்பட்ட விலங்குகள் அச்சமின்றி நடமாடுவதற்கு எஞ்சியிருப்பது இரவு ஒன்றே. விளக்கொளி கண்ணிற் பட்ட மான் ஓடாமல் திகைத்து நின்றுவிடும். நின்ற இடத்திலேயே அடிபடும். இதனைக் கருதியே 2009 ஆம் ஆண்டு முதல் பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்து தடுக்கப்பட்டது. வணிகர்க்கும் பயணிகளுக்கும் இதனால் இடர்ப்பாடு உண்டு. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் நமக்குச் சுற்றுவழி ஒன்று உண்டு. நேரத்தை மாற்றிக்கொள்ளவும் இயலும். மானுக்கு அவ்விரண்டும் இல்லை.

“இவ்வளவு கட்டுப்பாட்டுடன் சென்றால் நாங்கள் எதனைத்தான் காண்பது?” என்று சிலர் கேட்கக்கூடும். கட்டணம் செலுத்தியவர் புலியைக் காட்டு என்று ஓட்டுநரை நெருக்குவதும், அவரும் தம் பிழைப்பை எண்ணி வண்டியை மேலும் நெருங்கச் செலுத்துவதும் நாம் அறிந்தவையே. காடு கட்டணத்துக்கு ஆடும் கூத்து மேடை அன்று. புலியைக் காணாமல் திரும்புவோரே மிகப் பலர். ஆயினும் அமைதியாக இருப்பவனுக்குக் காடு எதனையும் காட்டாமல் விடுவதில்லை.

என் பணிக்காலத்தில் மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. வனக்காவலர் காட்டிய இடத்தில் அமர்ந்து, அரைமணி நேரம் ஒருவரும் பேசாமல், கேட்ட ஒலிகளை மட்டும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை என்றே எழுதுவர். அதன்பின் மரங்கொத்தி கொத்தும் ஓசையும், காய்ந்த தேக்கிலை விழும் ஓசையும், தொலைவில் புள்ளிமான் எழுப்பும் அச்சக் குரலும் ஒவ்வொன்றாகக் குறிப்பேட்டில் ஏறும். மான் குரல் கொடுத்தால் புலியோ சிறுத்தையோ செந்நாயோ அருகில் நடக்கிறது என்று காவலர் விளக்குவார். அன்று பிள்ளைகள் புலியைக் காணவில்லை. ஆனால் புலி நடப்பதைக் காடு எவ்வாறு அறிகிறது என்பதைக் கற்றுக்கொண்டனர். பின்னர் அவர்கள் எழுதிய கட்டுரைகளில் நான் திருத்த வேண்டியிருந்தது எழுத்துப் பிழைகளை மட்டுமே.

முதுமலையில் காட்டுநாயக்கரும் குறும்பரும் இருளரும் தலைமுறை தலைமுறையாக இவ்விலங்குகளோடு வாழ்ந்து வருகின்றனர். காற்று வீசும் திசையையும், சாணத்தின் ஈரத்தையும், ஒடிந்த கிளையையும் கண்டு யானை எங்கே உள்ளது என்று அறிந்து ஒதுங்கிச் செல்கின்றனர். நாம் பாட்டொலியைப் பெருக்கிக்கொண்டும், கைப்பேசியை நீட்டிக்கொண்டும் செய்துவிட்டுப் போகும் தொந்தரவின் பயனை முதலில் நுகர்பவர் இம்மக்களே. நம்மால் சினமூட்டப்பெற்ற யானை, மறுநாள் விறகு எடுக்கச் சென்ற மூதாட்டியை வழியில் எதிர்ப்படலாம். நாம் பழக்கிய குரங்கு அவர்கள் கூரையைப் பிரிக்கிறது. ஆதலால் காட்டில் நாம் காட்டும் அடக்கம், விலங்குக்கு மட்டுமின்றி அங்கே வாழும் மனிதர்க்கும் செய்யும் நன்மையாகும்.

இவ்விதிகளைப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குப் பயணத்துக்கு முதல்நாளே சொல்லிவிட வேண்டும். காட்டுக்குள் சென்றபின் அதட்டி அடக்குவதால் பயனில்லை. குழந்தை “ஏன்?” என்று கேட்கும். அப்போது, “நாம் நாளை வீடு திரும்பிவிடுவோம், அவை இங்கேயே இருக்கும்” என்று சொல்லுங்கள். எத்தனை விதிகளைப் பலகையில் எழுதி வைத்தாலும் அவற்றின் பொருள் இவ்வளவே. இதனை மனத்திற்கொண்ட குழந்தை, தின்பண்டத்தைத் தானே பைக்குள் வைத்துக்கொள்ளும்.