வலிக்காத குடலும் வலிக்கும் தோலும்

பெருங்குடல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மலம் சேர வயிற்றில் ஒட்டிய பையை முதன்முதலாகக் கழற்றும்போது பலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். புண் இருக்கும் என்ற பயம். அது புண்ணல்ல, குடலை வெளியே எடுத்து, சட்டைக் கையை மடிப்பதுபோல் உட்புறம் வெளியே தெரிய மடித்துத் தைத்திருக்கிறார்கள். ஸ்டோமா என்று சொல்வது இதைத்தான். சிவந்து, ஈரமாக இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தால் சுருங்கி விரிவதும் தெரியும். வயிற்றுக்குள் ஓயாமல் நடக்கிற குடலசைவை நேரில் காண்கிறோம்.

தொட்டால் வலிக்காது. வெட்டுவதையும் சுடுவதையும் உணரும் நரம்பு குடலின் உட்சவ்வில் இல்லை. உப்பினால், இழுத்தால்தான் குடலுக்கு வலி தெரியும். வாயு சேர்ந்தால் துடிக்கிற அதே குடல், துடைக்கும்போது பேசாமல் இருக்கிறது. ஆபத்தும் இங்கேதான். பெல்ட் அழுத்தினாலும் பையின் விளிம்பு அறுத்தாலும் தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் காக்க வேண்டும். துடைக்கையில் துளி ரத்தம் கசிந்தால் பயமில்லை. நிறம் கறுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சுற்றியுள்ள தோல் அப்படியல்ல. மலம் பட்டால் வெந்து எரியும். ஆகவே பையின் ஒட்டுத்தட்டில் வெட்டும் துளை ஸ்டோமாவைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்கலாம். முதல் 6–8 வாரங்கள் வரை ஸ்டோமா சுருங்கிவரும் என்பதால் பழைய அளவை நம்பக்கூடாது. சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீர் போதும். எண்ணெயோ கிரீமோ தடவினால் பை ஒட்டாது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும். கனம் கூடினால் ஒட்டு விட்டுப்போகும்.

இந்த ஒட்டும் பைக்குப் பின்னால் ஒரு சகோதரியின் அக்கறை இருக்கிறது. டென்மார்க் நர்ஸ் எலிசே சோரன்சனின் உடன்பிறந்த தோரா, ஸ்டோமா வைத்தபின் கசிவுக்கு அஞ்சி வெளியே போகவே தயங்கினார். அவருக்காக எலிசே 1954இல் யோசித்ததுதான் தோலில் ஒட்டி, கழற்றி எறியக்கூடிய பை. பிளாஸ்டிக் உற்பத்தியாளர் ஓகே லூயி ஹான்சன் அதைச் செய்துதர முன்வந்தார். நர்ஸாக இருந்த அவர் மனைவியின் வற்புறுத்தலும் அதில் உண்டு.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறுவை சிகிச்சை நடக்கப்போகிறதென்றால், ஸ்டோமா வரும் இடத்தை முன்கூட்டியே வயிற்றில் குறிக்கச் சொல்லுங்கள். உட்காரவும் நிற்கவும் குனியவும் வைத்துக் குறிப்பார்கள். வேட்டியோ சேலையோ எங்கே கட்டுவார் என்பதையும் சொல்லுங்கள். மடிப்பில் மறையாமல், அவர் கண்ணுக்கே தெரிகிற இடமாக இருக்கட்டும்.