ஐப்பசி வருகிறது! கூரையைப் பார்த்தீர்களா?

குறைந்த செலவில் வீட்டை மழைக்குத் தயார் செய்வது எப்படி?

2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி. குமரி மாவட்ட மக்கள் மறக்க முடியாத நாள் அது.

முந்திய நாள் வரை அது வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் காலையில் அதுவே புயல்! ‘ஒக்கி’ என்று அதற்குப் பெயர். வங்காள மொழியில் ‘கண்’ என்று பொருள். அந்தக் கண் குமரிக்கடலில் விழித்துக்கொண்டது. மரங்கள் சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்தன. வாழைத் தோட்டங்களும் ரப்பர் தோட்டங்களும் நாசமாயின. பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. கடலுக்குப் போயிருந்த மீனவர் பலர் திரும்பி வரவே இல்லை.

மின்சாரம் போனால் விளக்கு மட்டுமா போகும்? மோட்டார் ஓடாது. தொட்டியில் தண்ணீர் ஏறாது. கைப்பேசி அணைந்துவிடும். மாவு அரைக்க முடியாது. விறகு நனைந்திருந்தால் அடுப்பும் எரியாது.

காசு இருந்தும் கடை திறக்காத நாட்கள் அவை. முன்கூட்டியே தயாராக இருந்த வீடு தப்பியது. “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று இருந்த வீடு திண்டாடியது.

பனி இல்லை, மழை உண்டு!

இமயமலைக்கு அப்பால் லடாக் என்று ஒரு பகுதி. குளிர்காலம் வந்தால் அங்கே பனி மூடிவிடும். சோஜிலா கணவாய் வழியாகச் செல்லும் பாதை அடைபடுவது வழக்கம். அதனால் கோடையிலேயே அந்த மக்கள் காய்கறிகளை உலர்த்தி வைப்பார்கள். வறட்டி தட்டி அடுக்கி வைப்பார்கள். பணக்காரர், ஏழை என்ற பேதம் இல்லை. முன்யோசனை இல்லாத குடும்பம் அங்கே பிழைக்க முடியாது.

நாஞ்சில் நாட்டில் பனி பெய்வதில்லை. ஆனால் இங்கே இரண்டு மழைக்காலம் உண்டு. ஜூன் மாதம் தொடங்குவது இடவப்பாதி. அக்டோபரில் தொடங்குவது துலாமழை. ஐப்பசியும் கார்த்திகையும்தான் நமக்குக் குளிர்காலம்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். புரட்டாசியில் கன்னிப்பூ அறுவடை. நெல்லைக் காயவைத்துப் பத்தாயத்தில் போடுவார்கள். வைக்கோலைப் படப்பு போடுவார்கள். விறகைப் பிளந்து அடுக்குவார்கள். அதன் பிறகு வானம் எவ்வளவு பொழிந்தாலும் கவலை இல்லை!

பணத்துக்கு எங்கே போவது?

“கூலி வாங்கி அன்றன்று அரிசி வாங்குகிறவர்கள் எப்படிச் சேர்த்து வைக்க முடியும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆடி, ஆவணி, புரட்டாசி ஆகிய மூன்று மாதங்களுக்கு 13 வாரங்கள். வாரம் 50 ரூபாய் தனியாக ஓர் உண்டியலில் போட்டால் 650 ரூபாய் சேரும். பெரிய தொகை அல்ல. ஆனால் உடைந்த சில ஓடுகள், ஒரு தார்ப்பாய், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி என்று மிக அவசியமானவற்றை முதலில் வாங்கிவிடலாம். மீதி வேலைக்குக் காசு வேண்டாம். கையும் காலும் போதும்.

முதலில் கூரை

ஓட்டு வீட்டில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. நல்ல வெயிலில், நடுப்பகலில், கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு உள்ளே நின்று மேலே பாருங்கள். எங்கே வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ, அங்கே ஓடு உடைந்திருக்கிறது, அல்லது விலகியிருக்கிறது. அந்த இடத்துக்கு நேர் கீழே தரையில் சுண்ணாம்பால் குறி போடுங்கள். ஒரே நாளில் எல்லா ஓட்டையும் தெரிந்துவிடும்.

ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது. ஒன்றை மாற்றப் போய் நாலு உடையும். பலகையைக் குறுக்கே போட்டு, அதன் மேல்தான் ஏறவேண்டும். கைமரத்தைத் தட்டிப் பாருங்கள். ‘பொத்’ என்று சத்தம் வந்தால் கறையான் உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

தகரக் கூரையானால் ஆணியும் போல்ட்டும் இறுகியிருக்க வேண்டும். காற்றில் பறக்கும் தகரம் கத்தியைப் போன்றது! மாடி வீட்டுக்காரர்கள் தண்ணீர் போகும் துவாரத்தில் அடைத்திருக்கும் சருகை எடுத்தாலே போதும். பாதி ஒழுக்கு நின்றுவிடும்.

வீட்டை ஒட்டித் தென்னை நிற்கிறதா? மரம் ஏறுகிறவரை அழைத்து முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிடுங்கள். தேங்காயும் கிடைக்கும், எரிக்க மட்டையும் கிடைக்கும். தலையும் தப்பும்.

“மக்களே, மழ வந்த பொறவு ஏணி வைக்க முடியாது. இப்பவே ஏறிப் பாரு” என்று வீட்டுப் பாட்டிமார் சொல்வதை அலட்சியம் செய்யாதீர்கள். ஈர ஓட்டில் கால் வழுக்கி விழுந்தவர் கதை ஊருக்கு ஊர் உண்டு.

அடுக்களையில் என்ன வேண்டும்?

ஐந்து பேர் உள்ள குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி என்றால் நாளுக்கு 2 கிலோ. ஐந்து நாளைக்கு 10 கிலோ. பருப்பு ஆளுக்கு 50 கிராம் வீதம் ஐந்து நாளைக்கு 1¼ கிலோ. ரேஷன் அரிசியில் மாதம் சிறிது மிச்சப்படுத்தினால் இந்தச் சேமிப்புக்குத் தனிச் செலவே இல்லை.

புரட்டாசி வெயிலை வீணாக்காதீர்கள். மோர் மிளகாய், சுண்டைக்காய் வற்றல், கொத்தவரை வற்றல், வடகம் ஆகியவற்றுக்கு இதுவே காலம். மீன் விலை மலிவாக இருக்கும் நாளில் நெத்திலியும் சாளையும் வாங்கி உப்பிட்டுக் காயவைக்கலாம். கடலுக்குப் போக முடியாத நாளில் அந்தக் கருவாடுதான் குழம்பு!

மரச்சீனிக் கிழங்கை மறக்க வேண்டாம். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் பசி தீர்க்க இந்தக் கிழங்குச் சாகுபடியை ஊக்குவித்தார். இன்றும் அது மலிவான உணவுதான். கிழங்கைச் சீவி, அரை வேக்காடாக வேகவைத்து, நன்றாக உலர்த்தினால் பல மாதம் கெடாது. ஒரு எச்சரிக்கை: பச்சைக் கிழங்கில் நச்சுத்தன்மை உண்டு. திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

காஸ் அடுப்பு இருந்தாலும் கொஞ்சம் விறகு இருக்கட்டும். கதம்பை, சிரட்டை, கொதும்பு எல்லாம் நம் தோப்பில் சும்மா கிடப்பவை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கல் வைத்து, அதன் மேல் அடுக்குங்கள். தரையில் வைத்தால் ஈரம் ஏறிவிடும்.

குளிருக்கு அடக்கமாக இருக்கும் என்று கதவைச் சாத்திய அறைக்குள் கரி அடுப்பு மூட்டிப் படுக்காதீர்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

பழைய வேட்டி, சேலைகளை நாலைந்து மடிப்பாக வைத்துத் தைத்தால் நல்ல போர்வை ஆயிற்று. குழந்தைக்கும் முதியவருக்கும் அது போதும்.

தண்ணீரும் காய்ச்சலும்

மழைக்காலத்தில் சுற்றிலும் தண்ணீர். ஆனால் குடிக்கத் தண்ணீர் இராது! சமையலுக்கும் குடிக்கவுமாக ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வேண்டும். ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். அதாவது 15 லிட்டர் பிடிக்கும் குடம் நாலு. புயல் எச்சரிக்கை கேட்டவுடன் செய்யவேண்டிய முதல் வேலை, குடங்களை நிரப்பி மூடி வைப்பதுதான்.

கிணற்றில் வெள்ளநீர் கலந்துவிட்டால் பிளீச்சிங் பவுடர் போடவேண்டும். 1,000 லிட்டர் தண்ணீருக்கு 2½ கிராம் என்பது கணக்கு. வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் இரவில் கிணற்றில் ஊற்றிக் கலக்குங்கள். மறுநாள் காலையில் இறைக்கலாம். அப்போதும் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

சிரட்டையிலும் பழைய டயரிலும் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு நாள் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்காத காலத்தில் மரத்தில் தொங்கும் சிரட்டைகளையும் கவிழ்க்க வேண்டும்.

காலில் புண் உள்ளவர் தேங்கிய தண்ணீரில் நடக்கக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக் காய்ச்சல் வரும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் தலை தட்டிப் போட்டுக் கலந்து, அடிக்கடி கொடுங்கள். உடனே மருத்துவமனைக்கும் கொண்டு போங்கள்.

பாம்பு கடித்தால் மந்திரிக்கப் போய்ப் பொழுதைப் போக்காதீர்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது. 108-க்குப் போன் செய்யுங்கள்.

அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொட வேண்டாம். பக்கத்தில் போகவும் வேண்டாம். மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987. பேரிடர் உதவிக்கு 1077. இந்த எண்களைக் கரிக்கட்டையால் சுவரில் எழுதி வைத்தாலும் நல்லதே!

ஒரு பை, ஒரு தாள்

ரேஷன் அட்டை, ஆதார், பட்டா, பேங்க் புத்தகம், பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டிப் பரணில் வையுங்கள். 2021-ம் ஆண்டு நவம்பரில் குமரி மாவட்டத்தில் வெள்ளம் புகுந்தது. 2023-ம் ஆண்டு டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இப்படிப்பட்ட வெள்ளத்தில் காகிதத்தைத் தேட நேரம் ஏது?

கடற்கரைக் குடும்பங்களுக்கு இன்னும் ஒன்று. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் பல நாள் கழித்தே திரும்புவார்கள். கைப்பேசி அங்கே எட்டாது. ஒக்கியின்போது யார் எந்தப் படகில் போனார் என்று கணக்கெடுப்பதே பெரும்பாடாயிற்று. ஆகவே படகின் பெயர், பதிவு எண், கூடப் போனவர்களின் பெயர், புறப்பட்ட தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைக்க வேண்டும். எழுதத் தெரியாத தாய் என்றால், பள்ளி செல்லும் மகளை எழுதச் சொல்லட்டும். அந்த ஒரு தாள், தேடுகிறவர்களுக்குத் திசை காட்டும்.

மழை நமக்குப் பகை அல்ல. அது பெய்தால்தான் பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் நிறையும். கும்பப்பூ விளையும். வருகிற விருந்தாளி முரடன் என்று தெரியும். அவன் வருவதற்குள் வீட்டை ஒழுங்கு செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வெயில் அடிக்கிறதா? ஏணியை எடுங்கள்!