மதிப்பெண் இல்லா வகுப்பறை

நுழையும்முன்

தேர்வும் தரவரிசையும் இல்லாத கல்வியால் பயன் உண்டா என்னும் ஐயம் பலருக்கும் எழுவது இயல்பே. ஆயினும் வாணிகத்தைப் பொறுத்தவரை, தேர்வெழுதிக் கற்றவர்களைவிடத் தொழிலில் நின்று கற்றவர்களே நெடுங்காலமாக மிகுதி. இணையவழியில் இன்று கிடைக்கும் தரப்புள்ளி சாராப் படிப்புகள் அந்தப் பழைய கல்விக்குப் புதிய வாயிலைத் திறந்துள்ளன. அவ்வாயிலில் நுழைவோர் பெறுவது யாது, தாமே தேடிக்கொள்ள வேண்டியது யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கடையே கல்விக்கூடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் வட்டிக்கடைகள் நடத்தினர். அக்கடைகளில் தொழில் கற்க இளம் வயதிலேயே சிறுவர்கள் அனுப்பப்பட்டனர். புதிதாகச் சேர்ந்தவரைப் ‘பெட்டியடிப் பையன்’ என்று அழைத்தனர். அவர் ஏவிய வேலைகளைச் செய்துகொண்டே கணக்கேடு எழுதும் முறையைக் கற்றார். கடன் கேட்டு வருவோரின் நாணயத்தை மூத்தவர் எவ்வாறு எடைபோடுகிறார் என்பதைக் கவனித்தார். தேர்ச்சி பெற்றபின் ‘அடுத்தாள்’ ஆனார். மேலும் உயர்ந்து, கடைப்பொறுப்பு முழுவதையும் ஏற்கும் ‘மேலாள்’ ஆனார்.

அக்கல்விக்கு மதிப்பெண் இல்லை, பட்டமும் இல்லை. கணக்கில் பிழை நேர்ந்தால் பெட்டியில் பணம் குறையும். அதுவே தேர்வு; அன்றைக்கே அதன் முடிவும் தெரிந்துவிடும். எனினும் அதற்கு ஒரு குறை இருந்தது. குடும்ப உறவும் தொழிற்பின்புலமும் உடையவர்க்கே அதன் கதவு திறந்தது. கூலி வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் அக்கதவுக்கு வெளியே நின்றனர். வாணிக அறிவு ஒரு வீட்டுச் சொத்தைப் போலத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது.

தரப்புள்ளி சாராப் படிப்பு

கல்லூரியில் ஒரு பாடத்தைப் படித்துத் தேர்ச்சி பெற்றால், பட்டத்துக்குரிய கணக்கில் குறிப்பிட்ட அளவு புள்ளிகள் சேரும். ‘கிரெடிட்’ என்று வழங்கும் இதனைத் தமிழில் ‘தரப்புள்ளி’ என்கிறோம். இவ்வாறு எந்தப் பட்டக்கணக்கிலும் சேராமல், அறிவுக்காகவும் திறனுக்காகவும் மட்டும் கற்கப்படுவது தரப்புள்ளி சாராப் படிப்பாகும். இதற்கு நுழைவுத்தேர்வு இல்லை. வயது வரம்பும் பெரும்பாலும் இல்லை. விரும்பிய நேரத்தில் கற்கலாம். புரியாத பகுதியை மீண்டும் கேட்கலாம்.

2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடப்பொருள்களை இணையத்தில் இலவசமாக வெளியிடப்போவதாக அறிவித்தது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. 2008-இல் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டௌன்ஸ் ஆகியோர் நடத்திய ஒரு படிப்பில், கட்டணம் செலுத்தித் தரப்புள்ளிக்காகப் பயின்றோர் 25 பேர். தரப்புள்ளி இன்றி இணையவழியில் இலவசமாக இணைந்தோர் 2,200-க்கும் மேற்பட்டோர். ‘பெருந்திரள் திறந்தநிலை இணையவழிப் படிப்பு’ என்னும் கருத்து அப்படிப்பையொட்டியே பெயர் பெற்றது. 2012-இல் கோர்செரா, எட்எக்ஸ் ஆகிய தளங்கள் தோன்றின.

இந்திய அரசின் ‘ஸ்வயம்’ தளம் 2017-இல் தொடங்கப்பட்டது. அதில் பாடம் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் கட்டணம் செலுத்தித் தேர்வு எழுதலாம். அத்தகைய தேர்ச்சியைத் தரப்புள்ளியாக ஏற்கும் கல்லூரிகளும் உள்ளன. ஆகவே, ஒரே பாடத்தை ஒருவர் பட்டத்துக்காகவும் மற்றொருவர் தம் தொழிலுக்காகவும் கற்க இயலும்.

வாடிக்கையாளர் யார்?

தொழில்முனைவு என்றதும் முதலீடே முதலில் நினைவுக்கு வருகிறது. நல்ல படிப்புகள் வேறோரிடத்தில் தொடங்குகின்றன. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் பில் ஆலெட், ஒரு நிறுவனத்தைக் கட்டியெழுப்பும் முறையை 24 படிகளாக வகுத்தவர். அவற்றுள் முதற்படி, சந்தையைப் பிரித்தறிதல். அவரது கற்பித்தலின் அடிப்படையில் 2014-இல் எட்எக்ஸ் தளத்தில் வெளிவந்த அறிமுகப் படிப்பின் தலைப்பே ‘உங்கள் வாடிக்கையாளர் யார்?’ என்னும் வினாவாக அமைந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டீவ் பிளாங்க் என்பவரும், அறைக்குள் அமர்ந்து திட்டம் தீட்டுவதை விடுத்து வெளியே சென்று மக்களிடம் கேளுங்கள் என்று வலியுறுத்தினார். அவருடைய பாடங்கள் 2012-இல் யுடாசிட்டி தளத்தில் இலவசமாக வெளியாயின.

இக்கருத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாணவி ஒருவரின் குடும்பம் சிறுதானிய முறுக்குத் தயாரித்து விற்க எண்ணுகிறது என்று கொள்வோம். இட வாடகை, இயந்திர வாடகை, மின்கட்டணம் ஆகியவற்றுக்கு மாதம் 6,000 ரூபாய் செலவாகும். ஒரு பொட்டலத்துக்கு மாவு, எண்ணெய், எரிபொருள், உறை எனச் செலவு 22 ரூபாய். விற்பனை விலை 30 ரூபாய். ஒரு பொட்டலத்தில் எஞ்சுவது 8 ரூபாய். ஆகவே, இலாபமும் நட்டமும் இல்லாத நிலையை அடைய மாதம் 750 பொட்டலங்கள் விற்க வேண்டும். மாதத்துக்கு 25 வேலைநாள் எனில், நாளொன்றுக்கு 30 பொட்டலங்கள்.

இந்தக் கணக்கைக் காணொலியில் பார்த்தே கற்கலாம். ஆனால், பொட்டலத்தைத் தம் கடையில் வைத்து விற்பதற்குக் கடைக்காரர் 3 ரூபாய் கழிவு கேட்பார் என்பதை அவரிடம் சென்று பேசினால்தான் அறிய முடியும். அப்போது எஞ்சுவது 5 ரூபாயாகக் குறையும். விற்க வேண்டிய அளவு 1,200 பொட்டலங்களாக, அதாவது நாளொன்றுக்கு 48-ஆக உயரும். வீட்டார் உழைப்புக்கான கூலியை இதுவரை கணக்கில் சேர்க்கவே இல்லை. அதனையும் சேர்த்தால் தொகை மீண்டும் மாறும். படிப்பு கற்பித்தது வகுத்தல் கணக்கை. அக்கணக்குக்குள் இட வேண்டிய எண்களைத் தந்தது கடைத்தெரு.

எவ்வளவு இழக்கலாம்?

வர்ஜீனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சரஸ் சரஸ்வதி, அனுபவம் மிக்க 27 தொழில்முனைவோரை ஆராய்ந்தார். கற்பனையான ஒரு பொருளை அவர்களிடம் அளித்து, அதனைக் கொண்டு எவ்வாறு நிறுவனம் தொடங்குவீர்கள் என வினவினார். அவர்கள் சிந்திப்பதைச் சிந்திக்கும்போதே வாய்விட்டுச் சொல்லச் செய்தார். அவர்கள் வருங்கால இலாபத்தைக் கணித்துத் தொடங்குவதைக் காட்டிலும், தம் கையில் உள்ளவை எவை, தம்மால் எவ்வளவு இழப்பைத் தாங்க முடியும் என்பவற்றை எண்ணியே தொடங்க முற்பட்டனர். இதனைத் ‘தாங்கக்கூடிய இழப்பு’ என்னும் கொள்கையாக அவர் 2001-இல் எடுத்துரைத்தார். இன்று தொழில்முனைவுப் படிப்புகள் பலவற்றில் இது பாடமாக உள்ளது.

இக்கருத்து தமிழுக்குப் புதிதன்று. பின்னர் வரக்கூடிய ஆக்கத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலில் அறிவுடையோர் இறங்கமாட்டார் என்பது, திருக்குறளின் ‘தெரிந்துசெயல்வகை’ அதிகாரம் கூறும் கருத்தாகும். வீட்டு நகையை அடகு வைத்துத் தொழில் தொடங்க எண்ணும் ஓர் இளைஞர், முன்பணம் எதுவுமின்றி இதனைக் கற்றுக்கொள்வாராயின், அப்படிப்பின் மதிப்பை எந்த மதிப்பெண்ணாலும் அளக்க முடியாது.

முடிப்போர் சிலரே

தரப்புள்ளி இல்லாமையே இப்படிப்புகளின் வலிமை. அதுவே இவற்றின் வலுவின்மையும் ஆகும். ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் எட்எக்ஸ் தளத்தில் வழங்கிய படிப்புகளைப் பற்றிய ஆய்வொன்று 2019-இல் வெளியானது. அதன்படி, 2017–18-ஆம் ஆண்டில் பதிவு செய்தோருள் படிப்பை முடித்தவர்கள் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே. கட்டணம் செலுத்திச் சான்றிதழுக்குப் பதிவு செய்தோருள் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் முடித்தனர்.

இவ்வெண்களை இருவகையாகப் பொருள் கொள்ளலாம். தமக்குத் தேவையான ஒரு பாடத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தொழிலுக்குத் திரும்பியவர் தோற்றவர் ஆகார்; அவர் தேடி வந்ததைப் பெற்றுவிட்டார். அதே வேளையில், எளிதில் கிடைப்பதை எளிதில் கைவிடும் இயல்பையும் இவ்வெண்கள் காட்டுகின்றன. பெட்டியடிப் பையனைக் கண்காணிக்க மேலாள் இருந்தார். திரைமுன் அமர்ந்து கற்பவருக்கு அவ்வாறு எவரும் இல்லை. ஆகவே, நண்பர் மூவரோ நால்வரோ குழுவாகச் சேர்ந்து, வாரம் ஒருமுறை கூடி, கற்றதையும் செய்து பார்த்ததையும் ஒருவருக்கொருவர் எடுத்துரைப்பது நலம்.

தேர்ந்து கற்றல்

இணையத்தில் உள்ளவை அனைத்தும் படிப்புகள் அல்ல. சில நாள்களில் செல்வந்தராக்குவதாக உறுதியளித்துப் பெருந்தொகை கேட்கும் விளம்பரங்களும் அங்குண்டு. கற்பிப்பவர் யார், எந்த நிறுவனத்தைச் சார்ந்தவர், பாடத்திட்டம் முன்னரே வெளியிடப்பட்டுள்ளதா, செய்துபார்க்கும் பயிற்சிகள் உள்ளனவா என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே ஒரு படிப்பில் சேர வேண்டும். வருமானத்துக்கு உறுதி அளிப்பது கல்வியின் வேலையன்று.

சிறந்த படிப்புகளுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. என்.பி.டி.இ.எல். பாட உரைகள் சில தமிழில் பெயர்க்கப்பட்டுள்ளமை ஓரளவு துணைசெய்கிறது. மேலும், அயல்நாட்டுப் பேராசிரியர் நம்மூர் நடைமுறைகளைக் கற்பிக்க மாட்டார். முறுக்கு விற்க வேண்டுமாயின் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். அதற்கான வழிமுறை, அரசின் கடனுதவித் திட்டங்கள் முதலியவற்றை மாவட்டத் தொழில் மையத்தை அணுகி அறியலாம். தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனமும் பயிற்சிகள் அளித்து வருகிறது.

திறந்த கதவு

முன்பு கடை இருந்தது, கதவு மூடியிருந்தது. இன்று கதவு திறந்திருக்கிறது. கடையைக் கற்பவரே தேடிக்கொள்ள வேண்டும். அக்கடை தொலைவில் இல்லை. தெருமுனைத் தேநீர்க் கடை, வாரச்சந்தை, தையலகம், மகளிர் தன்னுதவிக் குழு ஆகிய ஒவ்வொன்றும் கணக்கைச் சரிபார்க்கும் களமே. ஒரு பாடத்தைக் கேட்டவுடன் அங்குச் சென்று ஒரு வினாவேனும் கேட்பவர், அக்கல்வியைத் தமதாக்கிக்கொள்கிறார். சந்தை எவருடைய சான்றிதழையும் கேட்பதில்லை. பொருளின் தரம், விலை, சொன்ன சொல் தவறாமை ஆகியவற்றையே அது கேட்கிறது. அவற்றுக்கு ஆயத்தமாக்கும் கல்வி, மதிப்பெண் இல்லாததாயினும் மதிப்புடையதே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் சிறுதொழில் செய்யும் ஒருவரைச் சந்தித்து, அவர் தொழில் கற்ற முறையைக் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.

2. நீங்கள் நன்கறிந்த ஒரு பொருளைத் தேர்ந்து, மாதச் செலவு, பொருளொன்றுக்கான செலவு, விற்பனை விலை ஆகியவற்றைத் திரட்டி, இலாபமும் நட்டமும் இல்லாத நிலைக்கு எத்தனை விற்க வேண்டும் எனக் கணக்கிடுக.

3. ‘தொழில் கற்கச் சான்றிதழ் தேவையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.