இரு கல்லூரி, ஒரு பட்டம்

தந்தையாரின் பணிமாற்றம், விடுதிச் செலவு, பேருந்துத் தொலைவு எனப் பல காரணங்களால் ஒரு கல்லூரியை விட்டு மற்றொரு கல்லூரிக்கு மாறி வரும் மாணவர்கள் ஆண்டுதோறும் உண்டு. முதல் இரண்டு பருவங்களை வெளியூரில் முடித்து, மூன்றாம் பருவத்தில் நம் கல்லூரிக்கு வந்தவன் நான். வேலைக்கு அனுப்பும் தன்விவரக் குறிப்பில் பழைய கல்லூரியை எழுதுவதா, விடுவதா? வீட்டில் கேட்டறியலாம் என்றால், கல்லூரி வாசலை மிதித்தவர் எவருமில்லை. மூத்த மாணவர் ஒருவரைக் கேட்டேன். "எழுதாதே, தம்பி. அங்கிருந்து துரத்திவிட்டார்கள் என்று எண்ணுவார்கள்" என்றார். அவர் கூற்றை என்னால் ஏற்க இயலவில்லை.

மேல்நிலைத் தேர்வை 2024இல் முடித்தவன், 2025இல்தான் கல்லூரியில் சேர்ந்ததாக எழுதினால், நடுவில் ஓராண்டு எங்கே போனான் என்று படிப்பவர் கேட்கமாட்டாரா? மூன்றாண்டுப் பட்டம் இரண்டே ஆண்டில் முடிந்தது எங்ஙனம்? மறைத்ததனால்தான் ஐயம் பிறக்கிறது.

பட்டம் யாருடையது என்பதையும் நாம் தெளிந்துகொள்ள வேண்டும். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் பட்டம் வழங்கும் உரிமையை நம்முடையதைப் போன்ற கல்லூரிகளுக்கு அளிக்கவில்லை. தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவருக்கும் பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரால்தான் வருகிறது. எனவே ஒரே பல்கலைக்கழகத்தின் இரு கல்லூரிகளில் படித்தவர், அதனை இரண்டு படிப்புகள்போல் காட்டுவது பொருந்தாது. பட்டம், பாடம், பல்கலைக்கழகம், 2024–2027, 'பயின்று வருகிறேன்' என்பன முதல் வரியில் வரட்டும். அதன் கீழ், 'மூன்றாம் பருவம் முதல்' என்று இன்றைய கல்லூரி. அதற்கும் கீழே, 'முதல் இரண்டு பருவங்கள்' என்று பழைய கல்லூரி. அவ்வளவே. பழைய கல்லூரி பெயர்பெற்றது என்பதற்காக அதனை மட்டும் எழுதிக்கொள்வோரும் உளர். அது மறைப்பதினும் மோசம்!

மாறிய காரணத்தைத் தாளில் எழுத வேண்டுவதில்லை. நேர்முகத்தில் கேட்டால் ஒரு வாக்கியம் போதும். துரத்தப்பட்டவனா என்ற ஐயத்திற்கு, மாற்றுச் சான்றிதழில் முதல்வர் எழுதிய நடத்தைக் குறிப்பே விடை சொல்லும். பல்கலைக்கழகமே மாறியவர்கள் இரண்டு மதிப்பெண் பட்டியல்களையும் உள்ளபடியே காட்ட வேண்டும். தாமாகக் கூட்டிச் சராசரி காண்பது ஆகாது.

அரசுப் பணியை நாடும் தமிழ்வழி மாணவர்களுக்கு இதில் இன்னும் ஒரு முக்கியச் செய்தி உண்டு. தமிழ்வழியில் பயின்றோருக்கு மாநில அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பட்டம் மட்டும் தமிழ்வழியில் பெற்றிருந்தால் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் அமைந்திருக்க வேண்டும். பல இடங்களில் பயின்றவர் அந்தந்த இடத்தில் பயின்ற காலத்திற்குச் சான்று பெற்று வைத்திருப்பது அவசியம். தன்விவரக் குறிப்பிலிருந்து ஒரு கல்லூரியை நீக்கிப் பழகியவருக்கு, அங்கே வாங்க வேண்டிய சான்றும் மறந்து போகும். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்த பிறகு, பழைய ஊருக்குப் பேருந்து ஏறுவது எளிதா?

நம் கல்லூரி அலுவலகம் நாம் இங்கே படித்த பருவங்களுக்குத்தான் பொறுப்பேற்க இயலும். முதலாமாண்டுச் சான்றிற்குப் பழைய கல்லூரி முதல்வரையே அணுக வேண்டும். வரும் கோடை விடுமுறையில் போய் வரலாம் என்றிருக்கிறேன்.